டாங்கியின் கொள்ளளவும் டீசல் கணக்கும்

சென்ற ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்து விவசாயக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நாம் ஆய்வு செய்தபோது, வண்டிச் செலவுச் சீட்டுகளின் கட்டில் டீசல் பில் ஒன்று நம் கண்ணில் பட்டது. அதில் கண்ட அளவு 31.8 லிட்டர். வண்டியோ, 'குட்டியானை' என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டி. அதன் கையேட்டில் டாங்கியின் கொள்ளளவு 30 லிட்டர் என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. முப்பது படி பிடிக்கும் அண்டாவில் முப்பத்திரண்டு படி அளந்ததாக ஒருவன் கணக்குக் கொடுத்தால் நாம் என்ன நினைப்போம்? அதையே நினைத்தோம். சிறிதும் தயங்காமல் ஆட்சேபணைக் குறிப்பு எழுதிக் கையொப்பமும் இட்டோம்.

குறிப்பு தன் வேலையைச் செய்தது. நிர்வாகக் குழு கூடியது. சங்கத்தின் எழுத்தர் மூன்று மாதக் கணக்கைப் புரட்டி, வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றும், வாங்கிய புதிதில் 16 ஓடியது என்றும் எடுத்துக்காட்டினார். டிரைவர் டீசலை விற்றுவிட்டார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு தொகையைப் பிடித்தம் செய்யத் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு மாதம் பிடிக்கவும் செய்தார்கள்.

அந்த டிரைவர் ஒருநாள் நம்மைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். அழவும் இல்லை, சண்டையிடவும் இல்லை. “டாங்கியில எழுதியிருக்கிறதை நம்புறீங்க. ஊத்திப் பார்க்கக் கூடாதுங்களா, ஐயா?” என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. ஆகவே ஊற்றிப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். அவ்வாறு செய்ததில் நாம் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறோம். வண்டி வைத்திருக்கும் சங்கங்களுக்கும், வாடகை வண்டியில் சரக்கு அனுப்பும் அங்கத்தினர்களுக்கும், சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கும் இது பயன்படும்.

முதலில் டாங்கி. பெட்டி வடிவமான டாங்கியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து, மூன்றையும் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். நாம் வண்டியின் அடியில் படுத்து நாடா பிடித்து அளந்தபோது 58, 29, 21 என வந்தது. பெருக்கினால் 35,322, அதாவது 35.3 லிட்டர். ஆனால் இது வெளியளவு. தகட்டின் கனம், வளைந்த மூலைகள், டீசல் அலம்பாதிருக்க உள்ளே வைத்துள்ள தடுப்புத் தகடுகள் எல்லாம் போக, உள்ளே கொள்வது இதனினும் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை நாடா சொல்லாது. எனினும் 30 லிட்டருக்குமேல் அதில் இடமிருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே நமக்கு எழுந்துவிட்டது.

லாரிகளில் உருளை வடிவமான டாங்கி இருக்கும். அதற்கு விட்டத்தில் பாதியை அதே எண்ணால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். விட்டம் 50 சென்டிமீட்டரும் நீளம் 100 சென்டிமீட்டரும் உள்ள உருளை ஏறத்தாழ 196 லிட்டர் கொள்ளும். படுக்கவைத்த உருளையில் குச்சி விட்டு அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குச்சியில் பாதி உயரம் நனைந்தால் பாதி டாங்கி இருப்பது மெய்தான். கால் உயரம் நனைந்தால் கால் டாங்கி இருக்கிறதென்று எண்ணக் கூடாது. உருளை அடியில் குறுகுவதால், அங்கு இருப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவே. 196 லிட்டர் டாங்கியில் 49 லிட்டர் இருப்பதாக நினைத்திருப்போம். உண்மையில் 38 லிட்டர்தான் இருக்கும். கிடங்கில் பீப்பாயைப் படுக்கவைத்து இருப்புக் கணக்கு எழுதும் சங்கங்களில் 'டீசல் குறைவு' என்று வரும் புகார்களில் சில இந்தக் குச்சிக் கணக்கால் பிறப்பவையே.

இனி ஊற்றிப் பார்த்த கதைக்கு வருவோம். மெக்கானிக் கொட்டகையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டாங்கியின் அடித் திருகைக் கழற்றி, டீசல் முழுவதையும் வடித்தோம். பிறகு அடுத்திருந்த பெட்ரோல் பங்குக்கு வண்டியைத் தள்ளிச் சென்றோம். ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் குவளை ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. வாடிக்கைக்காரர் கேட்டால் அதில் பிடித்துக் காட்டவும் வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவு முத்திரைப் பணியைப் பார்ப்பது தொழிலாளர் துறை. ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர்வரை ஏற்றத்தாழ்வு பொறுத்துக்கொள்ளப்படும். அதாவது முப்பது லிட்டரில் 150 மில்லிலிட்டர் முன்பின்னாக இருப்பதற்கு டிரைவரையோ பங்குக்காரரையோ குறை கூற இயலாது.

அந்தக் குவளையால் அளந்து அளந்து ஊற்றினோம். ஆறு குவளை, அதாவது 30 லிட்டர், தடையின்றி இறங்கியது. பிறகு ஒரு லிட்டர்க் குவளையால் ஊற்றினோம். 31 லிட்டரில், குழாய் முனை தானாக நின்றுவிடும் மட்டத்துக்கு டீசல் வந்தது. அங்கே நுரை கட்டி நின்றது. நுரை அடங்கும்வரை பொறுத்து மெள்ள மெள்ள ஊற்றினோம். கழுத்துவரை நிறைந்தபோது கணக்கு 33.4 லிட்டர்.

கையேடு பொய் சொல்லவில்லை. வண்டி செய்வோர் டாங்கியில் விரிவுக்கென்று மேலே இடம் விட்டே கொள்ளளவைக் குறிக்கிறார்கள். அச்சிட்ட அளவுக்குமேல் பத்து, பதினைந்து விழுக்காடு கூடக் கொள்ளும் டாங்கிகள் உண்டு. டீசல் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ 0.8 பங்கு விரியும். தரைக்கடியிலுள்ள தொட்டியிலிருந்து குளிர்ந்து வரும் 30 லிட்டர் டீசல், சித்திரை வெயிலில் பத்து டிகிரி சூடேறினால் கால் லிட்டர் பெருகும். இடம் இல்லாவிட்டால் வழிந்துதான் போகும். ஆகவே கழுத்துவரை நிரப்புவது தவறு. டிரைவர் செய்த தவறும் அதுவே. மறுநாள் அதிகாலையில் வெங்காய மூட்டைகளுடன் சென்னைக் கோயம்பேடு அங்காடிக்குப் புறப்பட வேண்டியிருந்ததால், வழியில் நிற்காதிருக்கக் கழுத்துவரை ஊற்றச் சொல்லியிருக்கிறார். அடியில் ஒன்றரை லிட்டர் மீதம் இருந்திருந்தால் 31.8 லிட்டர் தாராளமாக உள்ளே போயிருக்கும். பில் சரியான பில். நம் ஆட்சேபணைதான் தவறான ஆட்சேபணை.

இச்சோதனையை டீசல் வண்டிக்கு மட்டுமே, தேர்ந்த மெக்கானிக்கை உடன் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பெட்ரோலை இவ்வாறு வடித்து அளப்பது ஆபத்து. அதன் ஆவிக்குச் சிறு பொறி போதும்.

பில் விவகாரம் தீர்ந்தது. மைலேஜ் விவகாரம் நின்றது. எழுத்தரின் கணக்கை வாங்கிப் பார்த்தோம். அவர் அந்தந்த நாள் ஓடிய தூரத்தை, அந்தந்த நாள் போட்ட டீசலால் வகுத்திருந்தார். ஒருநாள் வண்டி 180 கிலோமீட்டர் ஓடியது, போட்ட டீசல் 10 லிட்டர், மைலேஜ் 18. மற்றொரு நாள் ஓடியது 60 கிலோமீட்டர், போட்டது 12 லிட்டர், மைலேஜ் 5. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 11.5 என்று எழுதியிருந்தார். முதல் நாள் போட்ட டீசல்தான் முதல் நாள் எரிந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? முந்தின நாள் டாங்கியில் இருந்தது எங்கே போயிற்று? ஆயிரம் ரூபாய்க்குப் போடு, ஐந்நூறு ரூபாய்க்குப் போடு என்று வாங்கும் வழக்கம் உள்ள வரையில் இக்கேள்விக்கு விடை கிடையாது.

சரியான வழி ஒன்றே. டாங்கியை ஒரு குறித்த மட்டத்துக்கு, அதாவது குழாய் முனை முதன்முறை தானாக நிற்கும் வரையில், நிரப்ப வேண்டும். அப்போது மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும். அந்த முதல் நிரப்பின் லிட்டர் கணக்கில் சேராது. பிறகு வண்டியை வழக்கம்போல் ஓட்டி, மீண்டும் அதே மட்டத்துக்கு நிரப்பினால், இரண்டாம் முறை உள்ளே போனது எவ்வளவோ அவ்வளவே இடையில் எரிந்தது. டாங்கியின் கொள்ளளவு என்னவென்று தெரிய வேண்டியதே இல்லை. கூடுமானால் அதே பங்கில், அதே குழாயில், வண்டியைச் சமமாக நிறுத்தி நிரப்புவது நன்று. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் மட்டம் மாறும்.

ஒருமுறை நிரப்பிப் பார்த்து முடிவு கட்டுவதும் கூடாது. நிரப்பும் மட்டத்தில் அரை லிட்டர் முன்பின்னாகவே செய்யும். 10 லிட்டர் எரிந்த கணக்கில் அரை லிட்டர் என்பது நூற்றுக்கு ஐந்து. 50 லிட்டர் எரிந்த கணக்கில் நூற்றுக்கு ஒன்றே. சிறு டாங்கியுள்ள மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் நாலைந்து நிரப்புகளைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நாம் அந்த வண்டிக்கு மூன்று நிரப்புகள் பார்த்தோம். முதல் நிரப்பில் மீட்டர் 41,260. அடுத்து 12.4 லிட்டர், பின்னர் 14.9 லிட்டர், இறுதியில் 18.7 லிட்டர் போட்டபோது மீட்டர் 41,890. ஓடியது 630 கிலோமீட்டர், எரிந்தது 46 லிட்டர், மைலேஜ் 13.7. இதில் திருச்சி வெங்காய மண்டிக்கு முழுப் பாரத்தோடு போனதும் உண்டு, மக்காச்சோளம் ஏற்றியதும் உண்டு, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து சென்றதும் உண்டு.

மீட்டரை மட்டும் நம்பினால் போதுமா என்று டிரைவரே கேட்டார். டயரை மாற்றிய பிறகு மீட்டர் குறைத்துக் காட்டுவதாக அவருக்கு ஐயம். சிறுவாச்சூரைத் தாண்டி, திருச்சி நெடுஞ்சாலையில் மஞ்சள் தலையுள்ள கிலோமீட்டர்க் கல் ஒன்றின் அருகே நிறுத்தி மீட்டரைக் குறித்துக்கொண்டு, இருபது கல் எண்ணி ஓட்டிப் பார்த்தோம். மீட்டர் காட்டியது 19.4. முன்பிருந்ததைவிடச் சற்றுப் பெரிய டயரைப் போட்டிருந்தார்கள். பெரிய சக்கரம் அதே தூரத்துக்குக் குறைவாகவே சுற்றும். மீட்டர் எண்ணுவதோ சுற்றுகளை. தேய்ந்த டயரில் இதற்கு நேர்மாறாக, ஓடாத தூரத்தையும் மீட்டர் கூட்டிக் காட்டும். ஆக மீட்டர் காட்டிய 630 கிலோமீட்டரை 20ஆல் பெருக்கி 19.4ஆல் வகுத்தால் மெய்யான தூரம் ஏறத்தாழ 649 கிலோமீட்டர். மைலேஜ் 14.1.

புதிதில் 16 ஓடிய வண்டி இப்போது ஏன் 14 ஓடுகிறது என்று தலைவர் கேட்டது நியாயமே. பழைய கணக்கைப் பார்த்தால், முதல் ஆண்டில் வண்டி பெரும்பாலும் உர மூட்டைகளைப் பாதிப் பாரமாக ஏற்றி உள்ளூர்க் கிளைகளுக்கே போயிருக்கிறது. இப்போது முழுப் பாரம். மேலும் மண்டி வாசலில் முறை வரும்வரை எஞ்சினை நிறுத்தாமல் வரிசையில் நிற்பது வழக்கமாகியிருந்தது. நின்றபடி ஓடும் எஞ்சின் கிலோமீட்டர் தராமல் டீசலை மட்டும் எடுக்கும். இதை டிரைவர் மறுக்கவில்லை. பின்சக்கரங்களில் காற்றும் குறைவாக இருந்தது. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் என்ற மத்திய அரசு அமைப்பு 1978ஆம் ஆண்டு முதல் இவ்விஷயங்களைப் பிரசாரம் செய்து வருகிறது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனம் என்பது அதன் அறிவுரை. நெடுஞ்சாலையில் 80இல் போகும் டிரைவர்களுக்கு இது ரசிக்காது.

வண்டி விற்கும்போது சொல்லப்படும் மைலேஜோ வேறு சங்கதி. பூனாவில் 1966இல் நிறுவப்பட்ட மோட்டார் ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்களில், வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, குறித்த ஒழுங்கில் ஓட்டி எடுக்கும் எண் அது. ஒரு வண்டியை மற்றொரு வண்டியோடு ஒப்பிட உதவும். பச்சைமலை அடிவாரத்து மண்பாதையில் வெங்காயம் ஏற்றிப் போகும் வண்டிக்கு அதை அளவுகோலாக வைப்பது அநீதி.

இங்கே ஒரு கணக்கு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறோம்; ஏனெனில் இதில் படித்தவர்களே இடறுகிறார்கள். பாரத்தோடு 120 கிலோமீட்டர் போகையில் லிட்டருக்கு 10. வெறும் வண்டியாக அதே 120 கிலோமீட்டர் திரும்புகையில் லிட்டருக்கு 15. மொத்தத்தில் மைலேஜ் என்ன? பன்னிரண்டரை என்று சட்டென்று வாயில் வரும். போகையில் எரிந்தது 12 லிட்டர், வருகையில் 8 லிட்டர், மொத்தம் 20 லிட்டருக்கு 240 கிலோமீட்டர், ஆகவே 12தான். மைலேஜ்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. தூரங்களைத் தனியே கூட்டி, லிட்டர்களைத் தனியே கூட்டி, பிறகு வகுக்க வேண்டும்.

ஐரோப்பியர் பலர் இதையே தலைகீழாக, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று சொல்கிறார்கள். செலவைக் கணக்கிட அம்முறை மேல் என்பது நம் அபிப்பிராயம். லிட்டருக்கு 8 ஓடும் பழைய வண்டியைப் பழுதுபார்த்து 10 ஓடச் செய்தால் 100 கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர் மிச்சம். 16 ஓடும் வண்டியை 18 ஆக்கினால் முக்கால் லிட்டருக்கும் குறைவான மிச்சமே. கூடியது இரண்டிலும் 2 கிலோமீட்டர்தான். இரண்டு வண்டி வைத்திருக்கும் சங்கம் பழுதுபார்க்கும் பணத்தை எதில் முதலில் போடுவது என்பது இதனால் விளங்கும்.

'மைலேஜ்' என்ற சொல் மைலும் காலனும் புழங்கிய காலத்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவுகள் வந்து, மைல் கிலோமீட்டராயிற்று, காலன் லிட்டராயிற்று; சொல் மட்டும் நின்றுவிட்டது. அக்காலத்து ஆங்கிலக் காலன் 4.546 லிட்டர், மைல் 1.609 கிலோமீட்டர். அக்கணக்கில் நம் வண்டியின் 14.1 என்பது காலனுக்கு ஏறத்தாழ 40 மைல். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர்தான் என்பதால், அயல்நாட்டு உறவினர் சொல்லும் மைலேஜைக் கேட்டு மலைப்பவர்கள் எந்தக் காலன் என்றும் கேட்டுக்கொள்வது நலம்.

டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. உழவுக்கு முன் நிரப்பி, உழவு முடிந்ததும் அதே மட்டத்துக்கு நிரப்பி, மணி காட்டும் மீட்டரைப் பார்த்து, மணிக்கு இத்தனை லிட்டர் என்று எழுத வேண்டும். கரிசல் நிலமா செம்மண்ணா, கலப்பை எது என்பதையும் உடன் குறிக்க வேண்டும். இல்லாவிடில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

ஜெயங்கொண்டம் வட்டாரத்து நெசவாளர் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. பட்டுச் சேலைக் கட்டுகள் வண்டியை நிறைக்கும், பாரமோ குறைவு. நெல் மூட்டைக்கும் செங்கல்லுக்கும் போடும் டீசல் கணக்கையே சேலைக் கட்டுக்கும் போட்டு ஒருவர் வாடகை கேட்டால், முழுப் பாரத்து மைலேஜா பாதிப் பாரத்து மைலேஜா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இந்தக் கேள்வி சிறியதன்று. மேற்படி விவசாயச் சங்கம் அங்கத்தினர்களிடம் வாங்கும் கிலோமீட்டர் வாடகையை, எழுத்தரின் 11 என்ற எண்ணை வைத்தே நிர்ணயித்திருந்தது. வண்டி ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், 11 கணக்கில் 1,818 லிட்டர், 14.1 கணக்கில் 1,418 லிட்டர். வித்தியாசம் 400 லிட்டர். கணக்குக்காக லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 36,000 ரூபாய். எரியாத டீசலுக்கு வெங்காயம் விளைவித்தவர்கள் பணம் கட்டியிருப்பார்கள். அப்பணம் சங்கத்திலேயே இருந்தது என்பது ஆறுதல். ஆனால் கட்டியவர்களுக்கு அன்று அது கைக்காசு.

நாம் நம் ஆட்சேபணையை எழுத்துமூலம் திரும்பப் பெற்றோம். எழுதும்போது கை சற்றுத் தயங்கியதை மறைப்பானேன்? அடுத்த கூட்டத்தில் நிர்வாகக் குழு இரண்டு மாதப் பிடித்தத்தையும் டிரைவருக்குத் திருப்பிக் கொடுத்தது. கிலோமீட்டர் வாடகையையும் குறைத்தது. லாக் புத்தகத்தில் புதிதாக மூன்று பத்திகள் கோடு போடப்பட்டன: நிரப்பியது முழு மட்டத்துக்கா அன்றா, ஏற்றிய பாரம் எவ்வளவு, எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்த நேரம் எவ்வளவு. மூன்றாம் பத்தியைச் சேர்க்கச் சொன்னவர் டிரைவர்தான். சென்ற மாதம் நாம் போய்ப் பார்த்தபோது, மண்டி நாள்களில் அப்பத்தியில் பெரும்பாலும் சுழியமே இருந்தது. மூன்று மாத மைலேஜ் 14.6.